முடிவு மெய்யாயின் ஏது போலியாகலாமா?

மலைச்சாரலிலே கவிந்த மூடுபனியைப் புகையென்று பிறழவுணர்ந்த ஒருவன், 'அங்கே நெருப்புண்டு' என்று அநுமானித்தான். அண்மையிற் சென்று பார்த்தபொழுது, பனிக்கு அப்பால், புகையில்லாத கரிநெருப்பு உண்மையாகவே கனன்றுகொண்டிருந்தது. அவன் கூறிய முடிவு மெய். அம்முடிவுக்கு அவன் காட்டிய ஏதுவோ பொய். இவன் நெருப்பை அறிந்தவன் ஆவானா, ஆகானா? அளவைநூல் வல்லார் பண்டுதொட்டு ஆராய்ந்துவரும் இவ்வினா வெறும் வாதப் பொழுதுபோக்கன்று. ஆசிரியத்தொழில் செய்வோர் நாடோறும் இதன்முன் நிற்கின்றனர். மாணாக்கனுக்கு மெய்யான முடிவொன்றைக் கொடுத்தோம். அதற்கு நாம் காட்டிய காரணம் அம்முடிவைத் தாங்கும் வலியுடையதன்று. இதனாற் குற்றம் உண்டோ இல்லையோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். பொதுப்படப் பேசினால் இவ்வாராய்ச்சி காற்றிலே நிற்கும். ஆதலால் பௌதிக நூலில் ஒளியைப்பற்றி வரும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வாம்.

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் ஒளிமின் விளைவு என்னும் பாடத்தைப் படிப்பர். தூய உலோகத் தகட்டின்மேல் ஒளி படுமாயின் அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். ஒளியின் மீடிறன் ஓர் எல்லைக்குக் கீழ்ப்படுமாயின் அவ்வொளி எத்துணைச் செறிவுடையதாயினும் ஒன்றும் வெளிப்படாது. எல்லைக்கு மேற்படுமாயின் மங்கலான ஒளியும் காலந்தாழ்க்காது இலத்திரனை எறியும். எறியப்பட்ட இலத்திரனின் சத்தி மீடிறனோடு ஏறுமேயன்றிச் செறிவோடு ஏறாது. 'இவற்றை அலைக்கொள்கை விளக்கமாட்டாது. ஆகவே ஒளியானது போட்டோன் எனப்படும் துணுக்குக்களாகவே உள்ளதென்பது நிறுவப்பட்டது' என்று பாடநூல்கள் பலவும் முடிக்கும். யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலும் இவ்வாறே கற்பித்தனர். கற்பித்தவர் கல்வியிற் குறைந்தவரல்லர். கையிலிருந்த நூல் அங்ஙனம் கூறிற்று.

ஒளியிலே துணுக்குத்தன்மை உண்டென்னும் முடிவு மெய். ஆயின் மேலே கூறிய நிகழ்ச்சிகள் அம்முடிவை நிறுவுமா என்பதே வினா. நிறுவா. எங்ஙனமெனின், ஒளியைப் பழைய முறைப்படி இடையறாத அலையாகவே வைத்துக்கொண்டு, உலோகத்தின் இலத்திரன்களை மாத்திரம் குவாண்டம் விதிக்கு உட்படுத்திக் கணித்தாலும், அந்நிகழ்ச்சிகள் அத்தனையும் அப்படியே பெறப்படும். 1969ஆம் ஆண்டிலே லாம், ஸ்கலி என்னும் இருவர் இதனைத் தெளிவாக எழுதிக் காட்டினர். குறித்த மீடிறனோடு அசையும் அலை, அம்மீடிறனுக்குப் பொருந்திய சத்தி வேற்றுமையுடைய நிலைகளுக்கிடையிலேயே இலத்திரனைப் பெயர்க்கும். ஆதலின் எல்லை மீடிறன் வந்தது. பெயரும் நிகழ்தகவு ஒளி பட்ட கணத்திலேயே தொடங்கிவிடும். ஆதலின் காலத்தாழ்வு இல்லை. செறிவு மிகின் பெயரும் இலத்திரன்களின் தொகை மிகும். ஒவ்வொன்றின் சத்தியும் மிகாது.

கிணற்றிலே துலாக்கட்டிப் பட்டையால் நீரிறைப்பவனைப் பாருங்கள். நீர் பட்டை பட்டையாகவே மேலே வருகின்றது. அரைப்பட்டை நீர் வருவதில்லை. இதுகொண்டு, கிணற்றினுள்ளும் நீர் பட்டை பட்டையாகப் பிரிந்தே கிடக்கின்றதென்று ஒருவன் சொல்வானாயின் நாம் நகைப்போம். அவ்வளவு பட்டைக்கு உரியதேயன்றி நீருக்கு உரியதென்று அதனாற் பெறப்படாது. ஒளிமின் விளைவிலே துணுக்குத் துணுக்காக வாங்குவது உலோகம். வாங்கப்படும் பொருளும் துணுக்காகவே இருந்ததென்பதற்கு வேறு சான்று வேண்டும். சாதிக்கவேண்டிய பொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒருங்கே காணப்படும் ஏதுவைத் தருக்க நூலார் அநைகாந்திகம் என்பர். ஒளிமின் விளைவு அவ்வகை ஏதுப்போலி என்க.

அற்றேல், ஐன்ஸ்ரைன் பிழைபட்டவரோ எனின், அல்லர். 1905ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, இது புதியன காண்பதற்குத் துணையாகும் ஒரு நோக்குமாத்திரம் என்னும் கருத்துப்பட அமைந்தது. நிறுவிவிட்டேன் என்று அவர் கூறவில்லை. 1916இல் அவருடைய சமன்பாடு சரியென்று அளந்து காட்டிய மிலிக்கன், அச்சமன்பாட்டை ஏற்றும் அதற்கு அடிப்படையாகிய துணுக்குக் கொள்கையை அப்பொழுது ஏற்றாரல்லர். அளந்தவருக்கே அவ்வடக்கம் இருந்தது. பின்னர் 1923இல் கொம்ரன் கண்ட எக்ஸ் கதிர்ச் சிதறலும், 1925இல் போதே, கைகர் என்போர் ஒவ்வொரு மோதலையும் தனித்தனியே எண்ணிச் செய்த பரிசோதனையும் போட்டோன் கொள்கைக்குப் பெருவலி தந்தன. ஆகவே அறிஞர் அதனை நம்பியதற்குத் தக்க காரணம் இல்லாமலில்லை. பாடநூல்தான் அக்காரணங்களையெல்லாம் விட்டு, எல்லாவற்றினும் மெலிந்த ஒன்றைத் தூணாக நாட்டி, அதன்மேல் மாடம் எடுத்தது.

இனி, ஒளி அலைக்கொள்கைக்கு அடங்காதென்பதை அவ்வொளியிலேயே கண்டு நிறுவுதற்கு என் செய்யவேண்டும்? இதுவே கடந்த எழுபது ஆண்டுகளாக ஒளிப்பரிசோதனை செய்வோர் உழைத்த உழைப்பு. முதலில் எல்லோருக்கும் தோன்றும் உபாயம், ஒளியை மங்கச்செய்துகொண்டே போதல். 1909இல் கேம்பிறிச்சிலே ரெய்லர் என்னும் இளைஞர் எரிவாயுச் சுடரொன்றின் ஒளியைப் புகைபிடித்த கண்ணாடிகளால் மிகவும் மங்கச்செய்து, தையலூசியின் நிழலைப் படம்பிடித்தார். மிக மங்கிய ஒளிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் தகடு திறந்திருந்தது. நிழலின் ஓரத்து வரிகள், செறிந்த ஒளியில் எங்ஙனமோ அங்ஙனமே இருந்தன. 'ஒவ்வொரு துணுக்காகச் சென்றும் அலைபோல் வரி விழுந்தது' என்று இதற்குப் பலர் விளக்கம் எழுதுவர். ஆயின் மங்கச்செய்தல் துணுக்கைத் தனிமைப்படுத்துதல் ஆகாது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இலேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, துடிப்புக்குச் சராசரி பத்திலொரு போட்டோன் என்னும் அளவுக்கு மங்கச்செய்தோமென்க. 10,000 துடிப்புக்களில் ஏறத்தாழ 9,048 வெறுமையாயிருக்கும், 905இல் ஒன்றிருக்கும், 47இல் ஒன்றுக்கு மேற்படும். இன்னும் பத்து மடங்கு மங்கச்செய்தாலும், வெறுமை பெருகுமேயன்றி ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள இயைபு அலைக்குரிய கட்டினின்றும் வழுவாது. ஐயம்பிடித்த அரிசியிலே பிடியளவைக் குறைப்பதனாற் கல் நீங்கிவிடுமா? புடைக்கவேண்டும். ஒளியை எவ்வாறு புடைப்பது?

புடைத்தற்குமுன், புடைபட்டதென்று அறிதற்கு ஓர் அளவை வேண்டும். அவ்வளவையை உலகுக்குக் கொடுத்தவர்களுள் முதல்வர் ஹன்பரி பிறவுண், ருவிஸ் என்னும் இருவர். ஹன்பரி பிறவுண் 1916இல் நீலகிரியிலுள்ள அருவங்காட்டிலே பிறந்த ஆங்கிலேயர்; அவர் தந்தையார் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தவர். 1956இல் இவ்விருவரும் பாதரச விளக்கின் ஒளியைப் பாதி மறித்துப் பாதி விடும் ஆடியொன்றினால் இரண்டாகப் பகுத்து, இருபுறமும் உணர்கருவி வைத்து, அவை இரண்டும் ஒருங்கே துடிக்கும் போக்கை அளந்தனர். தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவினும் உடனிகழ்வு மிகுதியாயிருந்தது. அக்காலத்துப் பௌதிகர் சிலர் இஃது இயலாதென்று மறுத்தனர். போட்டோன்கள் இணைபிரியாது வருகின்றனவோ என்று வியந்தாரும் உளர். வியப்புக்கு இடமில்லை; விளக்கொளியின் செறிவு கணந்தோறும் ஏறியிறங்குவது; ஏறியபொழுது இருபுறமும் ஒருங்கே ஏறும். அலைக்கொள்கையே இதனை முற்ற விளக்கிவிடும். அவ்விருவரும் அதே முறையாற் சிரியஸ் என்னும் விண்மீனின் தோற்றவிட்டத்தை அளந்தது தனிக்கதை.

அளவை இதுதான். ஆயிரம் தடவை பார்த்ததில் இடப்புறக் கருவி 100 தடவையும் வலப்புறக் கருவி 100 தடவையும் துடித்தனவென்க. ஒன்றையொன்று சாராதனவாயின் இரண்டும் ஒருங்கே துடிப்பது 10 தடவை. உண்மையில் ஒருங்கே துடித்தது 10 ஆயின் உடனிகழ்வெண் ஒன்று. 20 ஆயின் இரண்டு. 2 ஆயின் ஐந்திலொன்று. இலேசர் ஒளிக்கு இவ்வெண் ஒன்று, அதனை எவ்வளவு மங்கச்செய்தாலும் ஒன்றே. விளக்கொளிக்கு ஒன்றுக்கு மேல். சிறந்த நிலையில் இரண்டு. ஒன்றுக்குக் கீழே இறங்குவதோ அலைக்கு எஞ்ஞான்றும் இயலாது. ஏனெனின், அலை ஆடியிற்பட்டு இருபுறமும் பங்கிடப்படும். ஒருங்கு துடித்தல் செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கங்களின் சராசரி, சராசரியின் வர்க்கத்தினும் குறையாது. 2, 4 என்னும் எண்களின் சராசரி 3, அதன் வர்க்கம் 9. அவற்றின் வர்க்கங்களாகிய 4, 16 என்பவற்றின் சராசரி 10. எண்கள் 3, 3 ஆயின் இரண்டும் 9. பத்தாம் வகுப்பு மாணாக்கனும் தன் கொப்பியிலே இதனைச் செய்து பார்க்கலாம். ஒளியைப்பற்றிய இவ்வளவு பெரிய வழக்கு இத்துணைச் சிறு கணக்கிலே தங்கியிருப்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று.

1963இல் குளோபர் என்பவரும் சுதர்சன் என்பவரும் இவ்வெல்லைக்கோட்டைப் பொதுவாக வரைந்தனர். எந்த ஒளியையும் இலேசர் ஒளிபோன்ற அமைந்த அலைகளின் கலவையாக எழுதலாம். சம்பா நெல் இரண்டு பங்கும் மொட்டைக்கறுப்பன் ஒரு பங்கும் கலந்தாற்போல, கலவையின் பங்குகள் இயல்பான எண்களாக இருக்குமாயின், அவ்வொளி அலைக்கொள்கைக்கு அடங்கியது. 'மொட்டைக்கறுப்பன் குறை ஒரு பங்கு' என்று எழுதவேண்டி வருமாயின் அத்தகைய கலவையை எந்தக் களஞ்சியத்திலும் செய்யமுடியாது. அப்படிப் பூச்சியத்துக்குக் கீழான பங்கோ, அதுபோல ஒவ்வாத பங்கோ வேண்டிநிற்கும் ஒளியே அலைக்கு அடங்கா ஒளி. சுதர்சன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர்; பிற்காலத்திலே சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராயும் இருந்தவர்; 2018இல் காலமானார். 2005இல் நோபெற் பரிசிற் பாதி குளோபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்குப் பங்கில்லை. தமது கருத்து வேறொருவர் பெயரால் வழங்கப்படுகின்றதென்று அவர் பரிசுக்கழகத்துக்கு எழுதினார். ஒளித் துணுக்கை எண்ணுவதினும் புகழைப் பங்கிடுதல் அரிது போலும்.

இறுதியாக 1977இல், ரொச்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திலே கிம்பிள், டகெனே, மண்டெல் என்னும் மூவர் சோடிய அணுக்களை இலேசராற் கிளர்த்தி, அவை உமிழும் ஒளியை ஆராய்ந்தனர். ஓரணு ஒளியை உமிழ்ந்தவுடன் அதன் சத்தி தீர்ந்தது. மறுபடி கிளர்த்தப்பட்டாலன்றி இரண்டாவது துணுக்கை உமிழமாட்டாது. ஆகவே ஒரு துடிப்பை ஒட்டி உடனே மறு துடிப்பு வருதல் அரிதாயிற்று. விளக்கொளியிற் கூடிவந்தவை இங்கே ஒன்றையொன்று விலகி வந்தன. இது முதற்படி.

எம் மதிப்பில் இவற்றுளெல்லாம் தெளிவானது 1986இல் பிரான்சு தேசத்து ஓர்சே நகரிலே கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே என்போர் செய்த பரிசோதனை. கல்சிய அணு, கிளர்ந்த நிலையினின்றும் படிப்படியாக இறங்கும்பொழுது, முதலிற் பச்சையொளித் துணுக்கொன்றையும், சில நனோ செக்கனுக்குள் ஊதாவொளித் துணுக்கொன்றையும் உமிழும். பச்சை வந்தது கண்டு ஒரு வாயில் திறக்கப்படும். ஒன்பது நனோ செக்கன் அளவே திறந்திருக்கும் அவ்வாயிலுக்குள் அதே அணுவின் ஊதாத் துணுக்கு மாத்திரம் வரும் வாய்ப்பு மிகுதி. வேறோர் அணுவின் துணுக்கும் உடன்வருதல் அரிது. முன்னறிவிப்பவன் ஒருவனை நிறுத்தி, அவன் கூவியபொழுது மாத்திரம் கதவைத் திறப்பது போன்றது இம்முறை. யாம் வினாவிய புடைத்தல் இதுவே. ஊதாவொளியைப் பகுப்பாடியிற் செலுத்தி அளந்தபொழுது உடனிகழ்வெண் ஏறத்தாழ ஐந்திலொன்றாக இறங்கிற்று. அலை அங்கே தோற்றது. அதே ஒளியை இருவழியாகப் பிரித்து மீண்டும் சேர்த்தபொழுதோ அலைக்குரிய வரிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட தெளிவுடன் தோன்றின. துணுக்கென்று மாத்திரம் சொன்னாலும் முழுவதும் சொன்னபடியாகாது என்க.

அவர்கள் செய்த மற்றொரு காரியம் ஆசிரியர்கள் மனங்கொள்ளத்தக்கது. மிகமிக மங்கச்செய்த சாதாரண ஒளித்துடிப்புக்களையும் அத்தகைய பகுப்பாடிப் பரிசோதனைக்கு உட்படுத்திப் பார்த்தனர். உடனிகழ்வெண் ஒன்றினின்றும் கீழே இறங்கவில்லை. தம் முடிவுக்கு ஆதரவாகத் தோன்றிய போலியேதுவைத் தாமே எடுத்துச் சோதித்து, இது போலி என்று எழுதிவைப்பது, எதிரியின் வாதத்தை மறுப்பதினும் அரிய காரியம்.

அலைக்கு அடங்கா ஒளியில் வேறொரு வகையும் உண்டு. முழு இருளிலும் ஒளிப்புலத்துக்கு ஓர் ஓயாத நடுக்கம் உண்டு, அது நீக்கவொண்ணாதது. அந்நடுக்கத்துக்கு இரு கூறுகள் உள. அவற்றின் பெருக்கம் ஓரெல்லைக்குக் கீழே போகாது. ஆயின் ஒரு கூற்றைக் குறைத்து மற்றதைப் பெருகவிடலாம். பிசைந்த மாவுருண்டையை மேலே அழுத்தினாற் பக்கங்களிற் பிதுங்குமன்றோ? அதுபோல என்க. இதனைப் பிழிந்த ஒளி என்று கூறுவாம். 1985இல் பெல் ஆய்வுகூடத்திலே சிலஷரும் கூட்டத்தாரும் சோடிய ஆவியைக்கொண்டு இதனை முதன்முதல் ஆக்கியபொழுது, நடுக்கம் நூற்றுக்கு ஏழளவே குறைந்தது. மறு ஆண்டிலே கிம்பிளும் கூட்டத்தாரும் பளிங்கொன்றைக்கொண்டு பாதிக்கு மேற் குறைத்தனர். 2016இல் ஜெர்மனியிலே ஹனோவரில் முப்பத்திரண்டிலொரு பங்காகக் குறைத்தனர்.

இவ்வளவை அளப்பதிலே ஒரு நுட்பம் உண்டு. அந்நுட்பத்தில் ஒழுக்கமும் அடங்கியிருக்கின்றது. பிழிந்த ஒளியைப் பகுப்பாடியிலே வலிய இலேசர் ஒளியோடு கலந்து, இருபுறமும் வரும் மின்னோட்டங்களை ஒன்றிலிருந்தொன்று கழிப்பர். வலிய ஒளியின் சொந்த இரைச்சல் இருபுறமும் பொதுவாதலின் கழிந்துபோகும். எஞ்சுவது நடுக்கத்தின் ஒரு கூறு. எது அளவுகோல் எனின், பிழிந்த ஒளி வரும் வழியை ஓர் அட்டையால் மறைத்து, வெற்றிருளின் நடுக்கத்தை முதலிலே அளந்துவைத்தல். அவ்வளவுகோலைச் சிறிது கூட்டிக் குறித்துவிட்டால், பிழியாத ஒளியும் பிழிந்ததாகத் தோன்றும். உணர்கருவி மிகுந்த ஒளியினால் திக்குமுக்காடி மந்தித்தாலும் அங்ஙனமே தோன்றும். இவை ஆய்வாளனை அவன் விரும்பும் முடிவுக்கே இழுத்துச்செல்லும் பிழைகள், ஆகையால் அஞ்சத்தக்கவை.

ஒளி வழியிலே இழக்கப்படுதலோ இதற்கு மாறானது. நடுக்கம் பத்திலொன்றாகப் பிழிந்த ஒளியிற் பாதி இழக்கப்பட்டால், இழந்த இடத்திலே வெற்றிருளின் நடுக்கம் புகும். எஞ்சுவது பத்திலொன்றின் பாதியும் முழுமையின் பாதியுமாக நூற்றுக்கு ஐம்பத்தைந்து. அரும்பாடு பெரும்பாலும் அழிந்தது. ஆயினும் இவ்விழப்பு வியப்பை மறைக்குமேயன்றி இல்லாத வியப்பை உண்டாக்காது. எதிர்ப்பக்கம் சாய்ந்த தராசிலே நிறுத்தும் எடை மிகுமாயின் அம்மிகுதியை ஐயுறவேண்டியதில்லை. இழப்பைக் கணித்துத் திருத்தி, 'திருத்தியபின் இவ்வளவு' என்று கூறுவோரும் உளர். அது தவறன்று, திருத்தாத எண்ணையும் பக்கத்தே எழுதுவராயின். எழுதாராயின் வாசிப்போன் அங்கே நின்று வினாவவேண்டும்.

இப்பிழிந்த ஒளி இன்று விளையாட்டுப் பொருளன்று. ஈர்ப்பலைகளைக் கேட்கும் கருவிகளிலே, 2010 முதல் ஜெர்மனியிலும், 2019 முதல் அமெரிக்காவிலுள்ள நான்கு கிலோமீற்றர்க் கைகளையுடைய இரட்டைக் கருவிகளிலும் இது தொடர்ந்து பயன்பட்டுவருகின்றது.

பார்க்கப்பட்ட போட்டோன் அழிந்தேவிடும் என்று பொதுவிதியாகக் கூறுவதும் உண்டு. பாரிசிலே அறோஷ் என்பவரும் கூட்டத்தாரும் 2007இல், நையோபியம் பூசிய ஆடிகளுக்கிடையே நுண்ணலைப் போட்டோன் ஒன்றை ஒரு செக்கனில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு நேரம் சிறைப்படுத்தி, ரூபிடிய அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊடேவிட்டு, அதனை அழியாமற் பலமுறை வினாவி, அது பிறந்ததையும் மறைந்ததையும் பதிந்தனர். ஆகவே மேடைகளிலே, 'பார்ப்பவன் மனமே ஒளியை ஆக்குகின்றது என்று விஞ்ஞானம் காட்டிவிட்டது' என்று முழங்குவோர் சற்றுத் தாழ்ந்த குரலிற் பேசுதல் நன்று. அங்கே வினாவியது ரூபிடிய அணு, அதற்கு மனமில்லை. மனத்தின் பெருமையை நிறுவ விரும்புவோர் வேறு ஏதுத் தேடுக.

முதல் வினாவுக்கு மீள்வாம். ஒருவர் வினாவலாம்: 'மாணாக்கன் சிறுவன். உடனிகழ்வெண்ணும் பகுப்பாடியும் அவனுக்கு எட்டா. ஒளிமின் விளைவு எளிது. முடிவு மெய்யாயிருக்க, அவனுக்கு எளிதான வழியிலே அதனைக் கொடுப்பதில் என்ன குற்றம்? குழந்தைக்கு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பதில்லையா?'

இது புறக்கணிக்கத்தக்க ஆசங்கையன்று. எளிமையாக்குதல் ஆசிரியன் கடமை. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் தேனிற் குழைத்த மருந்து மருந்தே. தேனைமாத்திரம் கொடுத்து மருந்து கொடுத்தேனென்பது வேறு. 'மீடிறன் எல்லை இது, சமன்பாடு இது, 1905இல் ஐன்ஸ்ரைன் இதனைத் துணுக்குக் கொள்கையால் விளக்கினார், அவ்விளக்கம் நிலைபெற்றது' என்பது எளிது, மெய்யும் ஆகும். 'வேறெவ்வாற்றானும் விளக்கமுடியாது, ஆதலின் நிறுவப்பட்டது' என்பதும் எளிதே, மெய்யன்று. இரண்டாவது வாக்கியம் முதலாவதினும் எளிதாகவில்லை. அதிகமாக அதில் இருப்பது அதிகாரம் ஒன்றே. ஆசிரியன் அவ்வாக்கியத்தைச் சொல்லும்பொழுது மாணாக்கன் பெறுவது போட்டோனைப்பற்றிய அறிவுமாத்திரமன்று. ஏது எவ்வளவு மெலிந்திருப்பினும், முடிவு பெரியோரால் ஒப்புக்கொள்ளப்பட்டதாயின், உண்டென்று தலையசைக்கலாம் என்னும் பழக்கமும் ஆம். முடிவை அவன் நாளை மறந்துவிடலாம். பழக்கம் மறவாது. மெய்யான முடிவுக்காக அதனைக் கற்றவன், பொய்யான முடிவு வந்தபொழுது எதைக்கொண்டு அதனை மறுப்பான்?

இன்னுமொன்று. கூர்மையுள்ள மாணாக்கன் பின்னொருநாட் பல்கலைக்கழகத்திலே, ஒளிமின் விளைவு அலைக்கொள்கையோடு பொருந்தும் என்று காண்பான். காணும்பொழுது அவன் ஏதுவை மாத்திரம் கைவிடுவான் என்பது என்ன நிச்சயம்? தூண் பொய்யென்று கண்டவன் மாடமும் பொய்யென்று இறங்கிவிடுதல் உலக இயல்பு. போலியேதுவால் நிறுவப்பட்ட மெய், மெய்யாயிருந்தும், முதற் காற்றுக்கே சாயும்.

பரீட்சையைப்பற்றியும் கூறவேண்டும். விடைத்தாளிலே 'நிறுவியது' என்று எழுதினாலே புள்ளி கிடைக்கும் என்று அஞ்சும் மாணாக்கன் அங்ஙனம் எழுதுதலை யாம் தடுக்கமாட்டோம். பிள்ளையின் எதிர்காலத்தை ஆசிரியனுடைய தருக்க நுட்பத்துக்கு விலையாகக் கொடுத்தல் அறமன்று. ஆயினும் வகுப்பறை பரீட்சை மண்டபமன்று. 'தாளிலே இதனை எழுதுக. இதற்கு மேலும் உண்டு. அது இன்னது' என்று சொல்லப் பாடநேரத்தில் ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தில் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் சன்னலுக்கு வெளியே பார்ப்பர் என்பதும் யாம் அறிவோம்.

அமெரிக்காவிலே விற்மன் கல்லூரியில், பட்டப்படிப்பு மாணாக்கர் செய்தற்கேற்ற முறையில் இப்பரிசோதனையை அமைத்து 2004இல் வெளியிட்டனர். கல்சிய ஆவிக்குப் பதிலாக ஒரு பளிங்கின்மேல் ஊதாநிற இலேசர் ஒளியைப் பாய்ச்ச, சிறுபான்மை ஊதாத் துணுக்கு ஒவ்வொன்றும் அதனிற் பாதிச் சத்தியுள்ள இரண்டாகப் பிரியும். ஒன்று முன்னறிவிப்பவன், மற்றது சோதனைக்கு வருவது. அவர்கள் பெற்ற உடனிகழ்வெண் ஏறத்தாழ 0.018. அக்கருவிகளின் விலை நம் கிராமப் பாடசாலைகளுக்கு எட்டாதது. கரும்பலகையிலே விளக்கொளிக்கு 2, இலேசருக்கு 1, பளிங்கொளிக்கு 0.018 என்று மூன்றெண்களை எழுதி, 2, 4 என்பவற்றின் சராசரியை மாணாக்கர் கையாலேயே காணச்செய்து, இம்மூன்றில் அலைக்கு ஒவ்வாதது எது என்று வினாவுவதற்கு ஒரு வெண்கட்டி வேண்டும்.